டோலக்கை வித்துட்டு பேடு வாங்கலாமா?

கேள்வி: "அண்ணா, நான் கொருக்குப்பேட்டை, வயசு 24. ஒரு வருஷமா வீடியோ பார்த்து டோலக் வாசிக்கிறேன். எங்க ஏரியா கானா டீம்ல சேர்த்துக்கிட்டாங்க, ஆனா பாட்டு பாதி போறதுக்குள்ள நான் ஸ்பீடு ஆயிடுறேன்னு பாடுற அண்ணன் திட்டுறாரு. விரல் வேற வீங்குது. வீடு ஹவுசிங் போர்டு, ராத்திரி அடிச்சா கீழ் வீட்டு ஆயா மேல ஏறி வந்துடுது. டோலக்கை வித்துட்டு எலக்ட்ரிக் பேடு வாங்குடா, எல்லாம் சரியாயிடும்னு ஃப்ரெண்டு சொல்றான். வாங்கலாமா?"

தம்பி, வாங்காத. இப்போதைக்கு வாங்காத. உன் டோலக்கு மேல ஒரு தப்பும் இல்ல, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரு இடம் கீது பாரு, அந்த இடத்தை நீ வாசிக்கல, அடிய மட்டும் வாசிக்கிற. அத்த சரி பண்ணாம நீ எந்த மெஷினை கொண்டாந்து ஸ்டாண்டுல மாட்டினாலும் அதுவும் உன் கூடவே சேர்ந்து ஓடும்.

எனக்கும் இதான் நடந்துச்சு. புளியந்தோப்புல ஒரு கல்யாண ரிசப்ஷன், எனக்கு அப்ப 19 வயசு, கூட்டம் விசில் அடிக்க அடிக்க நான் ஏத்திக்கினே போறேன், மூணாவது சரணத்துல பாடுறவருக்கு மூச்சு வாங்க இடமே இல்ல, மைக்கை இறக்கிட்டு என்னையே பார்த்துக்கினு நின்னுட்டாரு, நான் மட்டும் தனியா நாலு சுத்து வாசிச்சுட்டு அப்பறம் தான் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த நாள் எங்க வாத்தியார் டோலக்கை கையிலயே குடுக்கல. ஒரு மாசம் வாயால சொல்லு, தொடைல தாளம் போடு, அவ்ளோதான். அப்ப செம கோவம் வந்துச்சு. இப்ப என்கிட்ட வர பசங்களுக்கு நானும் அதையே தான் பண்றேன்.

முதல்ல நீ எங்க ஓடுறன்னு கண்டுபுடி. முழு பாட்டும் ஓடுறேன்னு நினைச்சுக்கினு இருப்ப, அப்படி இருக்காது. அடுத்த ரிகர்சல்ல போனை ரெக்கார்டுல போட்டு உனக்கு பின்னாடி வெச்சிடு, வீட்டுக்கு வந்து கேளு. பெரும்பாலும் உருட்டு போடுற இடத்துல தான் ஓடும், அதாவது பல்லவி முடிஞ்சு சரணத்துக்கு போறப்ப தரதரதரன்னு ஒண்ணு போடுவ பாரு, அங்க எட்டு அடி போக வேண்டிய இடத்துல பத்து அடிய திணிக்க பார்ப்ப, பயத்துல சீக்கிரமா முடிச்சுட்டு அடுத்த தட்டுல அரை கண்ணிமை முன்னாடியே போய் விழுவ, விழுந்த இடத்துலருந்து அதே புது ஸ்பீடுல கிளம்பிடுவ. ஒரு பாட்டுல இப்படி ஆறு உருட்டுன்னா ஆறு படி ஏறியாச்சு. அதனால ஒரு மாசத்துக்கு உருட்டே போடாத. உருட்டு வர இடத்துல ஒரே ஒரு அடி அடிச்சுட்டு சும்மா இரு, அந்த சும்மா இருக்குற நேரத்தை வாய்க்குள்ள எண்ணு. டீம்ல "இன்னாடா கை மரத்து போச்சா"ன்னு கேப்பானுங்க, கேக்கட்டும்.

இன்னொரு இடம் சத்தம் ஏத்துறப்ப. சத்தமும் வேகமும் உனக்கு இப்ப ஒரே நரம்புல ஓடுது, சத்தமா அடிச்சா வேகமாயிடும், மெதுவா அடிச்சா இழுக்கும். இத்த பிரிக்கணும். போன்ல மெட்ரோனோம் ஆப் ஒண்ணு எறக்கு, ஒரே வேகத்துல க்ளிக் க்ளிக்னு தட்டிக்கினே இருக்கும், ஃப்ரீயாவே கிடைக்குது, நிமிஷத்துக்கு 60 வெச்சு ஒரு க்ளிக்குக்கு ரெண்டு சொல்லா சாதா கஹர்வா, அந்த எட்டு அடி தாளம், வாசி: தா கே நா தி, நா கா தி நா. ஒரு நிமிஷம் பக்கத்துல தூங்குற குழந்தைய எழுப்பாத அளவுக்கு, ஒரு நிமிஷம் தெருவுக்கே கேக்குற அளவுக்கு, வேகம் மட்டும் நகரக் கூடாது. 60-ல வாசிக்கறது 140-ல வாசிக்கறத விட கஷ்டம், ஏன்னா நடுவுல அவ்ளோ காலி இடம் கீது, கைக்கு அரிக்கும். அந்த அரிப்பு தான் உன் வியாதியே.

அது நின்னதும் அடுத்தது, ஒரு சுத்து க்ளிக் கேக்கணும் ஒரு சுத்து சைலண்ட். சில ஆப்ல அதுக்கு செட்டிங் இருக்கு, இல்லன்னா தம்பிய விட்டு வால்யூமை குறைச்சு ஏத்த சொல்லு. சைலண்ட் முடிஞ்சு க்ளிக் திரும்பி வரப்ப நீ அது மேலயே நிக்கிறியா, முன்னாடி நிக்கிறியான்னு பட்டுனு தெரிஞ்சுடும். ஏமாத்தவே முடியாது.

அப்பறம் வாய். மிருதங்கம் கத்துக்க போற பசங்களுக்கு முதல் பாடம் தா தி தொம் நம், நாலே நாலு சொல்லு, அதையே ஒரே தாளத்துல முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு இரட்டிப்பாக்கி மாசக்கணக்குல வாசிக்க வெப்பாங்க, தாளம் போடுற கையோட வேகம் மாறாது, சொல்லு மட்டும் ரெண்டாகும் நாலாகும். இது சபாவுக்கு போறவனுக்கு மட்டும்னு இல்ல, உனக்கும் தான். கடற்கரையிலருந்து கொருக்குப்பேட்டைக்கு ட்ரெய்ன்ல வரப்ப வாய்க்குள்ளயே தகிட தகிட சொல்லு, தொடைல தட்டு, எவன் பார்த்தா இன்னா.

தகிட ஏன்னா நம்ம ஊரு குத்து, அந்த டண்டணக்கா எல்லாம் பெரும்பாலும் மூணு மூணா நடக்குற நடை, திஸ்ரம்னு சொல்லுவாங்க. வீடியோ பார்த்து கத்துக்கற பசங்க முக்கால்வாசி பேரு இதுல தான் மாட்டுறாங்க, த, கி, ட மூணுக்கும் சம இடம் குடுக்காம மூணாவதை கடிச்சு முழுங்கிடுவானுங்க, "தகிட" வந்து "தக்ட" ஆயிடும், அடுத்த த சீக்கிரம் வந்துடும், ஓட்டம் ஆரம்பிச்சுடும். இதுக்கு மருந்து தாத்ரா தாளம்: தா தி நா, தா தூ நா. ஆறு அடி. மூணாவது வர "நா"வை வேணும்னே கொஞ்சம் அழுத்தி வாசி ஒரு வாரம். அசிங்கமா இருக்கும், பரவால்ல.

ஒரு விஷயம் சொல்றேன், உங்க ஏரியாவுல சாவு எடுக்குறப்ப சட்டியும் பறையும் வாசிச்சுக்கினு போறாங்கல்ல, கூடவே கொஞ்ச தூரம் நடந்து போய் அவங்க காலை பாரு. கைய பாக்காத. வீட்டு வாசல்லருந்து சுடுகாடு வரைக்கும் நடந்துக்கினே வாசிக்கிறாங்க, பூ கொட்டுறான், ஆடுறான், பட்டாசு வெடிக்குது, தாளம் மட்டும் நகராது, ஏன்னா தாளம் அவங்க கால்ல இருக்கு, கை அதுக்கு மேல விளையாடுது. நீ சம்மணம் போட்டு உக்காந்து மடியில வெச்சு வாசிக்கிற, உன் காலுக்கு வேலையே இல்ல, அதான் கை அதும்பாட்டுக்கு ஓடுது. கால் கட்டைவிரலையாவது ஆட்டு. சாவு மேளம் தானேன்னு மூஞ்சிய சுளிக்கிறவன் இன்னும் இருக்கான், அவன் கிட்ட பறை வாசிக்கிற அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்கன்னு சொல்லு, அதுக்கு மேல அவன் கூட பேசி நேரத்தை வீணாக்காத.

கானாவுல உனக்கு இன்னொரு பொறி கீது. பாடுறவரு முதல்ல தாளம் இல்லாம இழுத்து பாடுவாரு, நீ டோலக்கை புடிச்சுக்கினு காத்துக்கினு இருப்ப, எப்ப விடுவாரு எப்ப விடுவாருன்னு உள்ள பொங்கிக்கினே இருக்கும், விட்டதும் கட்டவுத்த காளை மாதிரி பாய்வ. அவரு இழுக்குறப்ப நீ பாட்டோட பல்லவிய உள்ளயே அவரு ஸ்பீடுல பாடிக்கினு இரு. அந்த ஸ்பீடுல இறங்கு. அவ்ளோதான் ரகசியம்.

இப்ப பேடு விஷயம். ஃப்ரெண்டு சொல்றதுல ஒரு நியாயம் கீது, ஹெட்ஃபோன் போட்டுக்கலாம், ஆயா மேல வராது. ரோலண்ட் எஸ்பிடி-20 வந்ததுலருந்து மெல்லிசை மேடைல பேடு இல்லாத கச்சேரி கம்மி, எட்டு ரப்பர் பேடு, ஒரே ஆளு கொம்புலருந்து உடுக்கை வரைக்கும் கொண்டாந்துடுவான், நானே வாடகைக்கு எடுத்து வாசிச்சிருக்கேன். ஆனா அது குச்சி வாத்தியம். மணிக்கட்டு வேலை வேற, ரப்பர் திருப்பி தள்ற தள்ளு வேற. டோலக்ல இடது உள்ளங்கைய தோல் மேல தேய்ச்சு "கூம்"னு ஒரு வளைவு குடுக்குறோம் பாரு, அது பேடுல ரெக்கார்டு பண்ணி வெச்ச சத்தமா வரும், ஒவ்வொரு தடவையும் ஒரே கூம். ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கு, டோலக்கை விக்காம வாங்கு.

விரல் வீக்கம். தோல் எரியுறது வேற, மூட்டு வலிக்கிறது வேற. தோல் எரிஞ்சா பழகிடும், நாலு வாரத்துல காய்ப்பு விழும். மூட்டு வீங்குதுன்னா நீ தோல்ல அடிக்கல, மரத்து விளிம்புல அடிக்கிற, இல்லன்னா தோள்பட்டைய தூக்கி வெச்சுக்கினு முழு கையையும் இறக்குற. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் திருவிழாவுல தவில்காரரு விரல்ல கூடு மாட்டியிருப்பாரே, அத்த பார்த்து நீயும் பேண்டேஜ் சுத்திக்கினு அடிக்காத, தவில் தோலோட கெட்டித்தனத்துக்கு அது வேணும், டோலக்கு வெறும் விரல் தான். அடிச்சதும் விரல் சூடு பட்ட மாதிரி திரும்பி வரணும், அழுத்திக்கினு நிக்கக் கூடாது. 20 நிமிஷம் வாசி, அஞ்சு நிமிஷம் கைய தொங்க போடு. வீக்கம் இறங்குற வரைக்கும் டோலக்கை தொடாத, வாய்ல மட்டும் வாசி. ராத்திரில விரல் மரத்து போகுது, காலைல மடக்க வரலன்னா எண்ணெய் தேய்ச்சு பார்க்கறேன்னு இருக்காத, நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரில கை ஆபரேஷனுக்குன்னே தனி பிரிவு இருக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி ஆரம்பிச்சது, வெளியூர்லருந்தெல்லாம் வராங்க, உனக்கு ஒரு ஷேர் ஆட்டோ தூரம்.

அப்பறம் காது. டீம்ல சட்டிக்கு பக்கத்துல உக்காருவியா? 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் தாங்குற காதுக்கு 100 டெசிபல்ல கால் மணி நேரம் தான் கணக்கு. பஞ்சு வெச்சா பத்தாது, மெடிக்கல்ல ஃபோம் இயர்பிளக் கேளு. எனக்கு வலது காதுல நாள் பூரா ஒரு கொசு கத்திக்கினே இருக்கு, அதான் சொல்றேன்.

வீட்டுல வாசிக்கிறதுக்கு தலகாணி மேல அடிக்காத, எல்லாரும் அத்த தான் சொல்லுவாங்க, தலகாணி கைய திருப்பி தள்ளாது, கை சோம்பேறி ஆயிடும். பழைய சைக்கிள் ட்யூபை கிழிச்சு ஒரு மரப்பலகை மேல டைட்டா இழுத்து ஆணி அடி, அடில பழைய துண்டு போடு, விரல் பயிற்சிக்கு அது போதும். நிஜ டோலக் சாயங்காலம் ஒரு மணி நேரம். வெளிய மொட்டை மாடி, திறந்த இடம்னா ராத்திரி பத்துலருந்து காலைல ஆறு வரைக்கும் வாத்தியம் அடிக்கக் கூடாதுன்னு 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதியே இருக்கு, ஆனா ஆயா சட்டம் படிச்சுட்டு வரல, தூக்கம் கெட்டு வருது. போய் "ஆயா, ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு நிறுத்திடுறேன்"னு நேரம் சொல்லிட்டு வா. எப்ப முடியும்னு தெரியாத சத்தம் தான் ஆளை கோவப்படுத்தும். ஞாயித்துக்கிழமைன்னா கடலோரம் கல்லு மேல உக்காந்து வாசி, ஆனா ரொம்ப நேரம் வேணாம், உப்பு காத்துல போல்டு துரு புடிச்சுடும்.

அந்த போல்டு பத்தியும் சொல்லிடுறேன். ஐப்பசி கார்த்திகைல நம்ம பக்கம் தோல் ஊறி தொளதொளன்னு ஆயிடும், சுருதி இறங்கும், உடனே ஸ்பானர் எடுத்து திருகுவ, மழை விட்டு வெயில் அடிச்சதும் தோல் இறுகி ஒரு நாள் மத்தியானம் டப்புனு கிழியும். மழை நாள்ல வாசிக்கறதுக்கு முன்னாடி குண்டு பல்ப் கிட்ட கொஞ்ச நேரம் காட்டு, வாசிச்சு முடிச்சா போல்டை கால் சுத்து தளர்த்தி வை. சின்ன பக்கத்துல சுத்தி எட்டு இடத்துல தட்டி பாரு, எட்டும் ஒரே மாதிரி பாடணும், எங்க இறங்குதோ அங்க மட்டும் திருகு. எல்லாத்தையும் சேர்த்து திருகாத.

வீடியோ பார்க்கறத விட சொல்லல, ஆனா கேமராவுக்கு எதிர்ல உக்காந்து வாசிக்கிறவரோட வலது கை உனக்கு இடது பக்கம் தெரியும், நிறைய பேரு அப்படியே மாத்தி கத்துக்கினு வந்து நிக்கிறானுங்க. நீ நிஜமாவே இடது கைக்காரன்னா மாத்தி வாசிக்கலாம், பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைல தான் மிருதங்கத்தை அந்த உசரத்துக்கு கொண்டு போனாரு. தெரியாம மாத்தியிருந்தா இப்பவே திருத்து. உங்க ஏரியா கச்சேரி டீம்ல நல்லா நிதானமா வாசிக்கிற பெரியவரு ஒருத்தரு இருப்பாரு, அவரு பெட்டிய தூக்கிக்கினு கூட போ, வாசிக்க கேக்காத, பக்கத்துல உக்காந்து தாளம் மட்டும் போடு.

மூணு வாரம் கழிச்சு எனக்கு ரெக்கார்டு பண்ணி அனுப்பு. பாட்டு வேணாம், உருட்டு வேணாம், 60-ல வெறும் கஹர்வா ரெண்டு நிமிஷம்.