மரத்தளமும் வேக்குவம் கிளீனரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டின் மச்சு முழுவதும் தேக்குப் பலகை பாவியது. பிள்ளைகள் மேலே தங்குவதற்காகப் பலகைகளை இழைத்து, புதிதாகப் பாலிஷ் போட்டிருக்கிறோம். வாரியலால் பெருக்கினால் பலகை இடுக்குகளின் வழியாகக் கீழே பட்டாசலில் மண் உதிர்கிறது. கடையில் 1600 வாட் டிரம் வேக்குவம் கிளீனர் ஒன்றைக் காட்டி, வாட் கூடினால் இழுவையும் கூடும், தண்ணீரையும் உறிஞ்சும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. வாட் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்பதற்கான கணக்கே ஒழிய, தரையிலிருந்து எவ்வளவு தூசு வருகிறது என்பதற்கான கணக்கு அன்று. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்குவம் கிளீனர்களின் மின்திறனை 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்டுக்குள்ளும், 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்குள்ளும் அடக்கிவிட்டது; அதனால் அங்குள்ள வீடுகள் அழுக்கடைந்துவிடவில்லை. கம்பளத்தின் இழைகளுக்குள் புதைந்த மண்ணை இழுக்கத்தான் பெரும் இழுவை தேவை. பலகையின் மேல் கிடக்கும் மண்ணுக்கு, தரையை ஒட்டி ஓடும் சீரான காற்றோட்டமே போதும்.

ஆகவே மோட்டாரைவிட, தரையில் படும் அடிப்பாகத்தைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். கடையிலேயே அதைக் கவிழ்த்துப் பாருங்கள். பல டிரம் மாடல்களுடன் வரும் அடிப்பாகத்தில் உலோகத் தகடு பதித்திருப்பார்கள். காலால் அழுத்தினால் சுற்றிலும் பிரஷ் வெளியே வரும். அழுத்த மறந்த ஒரு நாள் போதும், புதுப் பாலிஷில் கோடு விழுவதற்கு. மரத்தளத்துக்கென்றே வரும், குதிரை மயிரோ மென்மையான நாரோ வைத்த அகலமான பிரஷ் உடன் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதன் சிறு சக்கரங்கள் ரப்பராலானவையாக இருக்கட்டும். கடினப் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு மணல் ஒட்டிக்கொண்டால் அதுவே அரம் ஆகிவிடும். சுழலும் பிரஷ் உள்ள மாடலாயின், சுழற்சியைத் தனியாக நிறுத்தும் வசதி இருக்க வேண்டும், அல்லது உருளை முழுவதும் துணிபோல் மெத்தென்று இருக்க வேண்டும். விறைத்த நாருடன் சுழலும் பிரஷ் மரத்தைக் கீறுவதோடு, மண்ணை உறிஞ்சுவதற்கு முன்பே நாலாபக்கமும் சிதறடிக்கவும் செய்யும். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம்: ஒரு பிடி ரவையும் கொஞ்சம் கடுகும் தரையில் தூவி ஒரே இழுப்பில் இழுக்கச் சொல்லுங்கள். கடுகு ஓடிப் போய்ச் சுவரோரம் நின்றால் அந்த மாடல் உங்கள் மச்சுக்கு ஆகாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உங்கள் ஊர்தான். ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் மேல்காற்று, சன்னலைச் சாத்தினாலும் ஏதோ ஒரு சந்தின் வழியே மண்ணைக் கொண்டு வந்து போட்டுவிடும். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். பத்து வரை போகும் மோ கடினத்தன்மை அளவுகோலில் அது 7. உங்கள் பாலிஷ் எந்த வகையானாலும் அதற்கு ஈடுகொடுக்காது. அந்த இரண்டு மாதங்களிலும் நாள்தோறும் ஒரு முறை இழுத்துவிடுவதுதான், வாரம் ஒரு முறை பெரிய இயந்திரத்தை உருட்டி வருவதைவிட மரத்துக்கு நல்லது. நாள்தோறும் மச்சுப்படியில் தூக்கிச் செல்லக்கூடிய எடை என்று பார்த்தாலே டிரம் மாடல் தள்ளுபடியாகிவிடுகிறது.

பலகை இடுக்குகளுக்கு நீண்ட ஒடுங்கிய மூக்கை மாட்டிக்கொண்டு, மரத்தில் படாமல் நூலிழை உயரத்தில் பிடித்து, பலகையின் நீளவாக்கிலேயே இழுத்துச் செல்லுங்கள். மண் மேல்நோக்கி வந்துவிடுவதால் பட்டாசலில் உதிர்வது பெரும்பாலும் குறையும். இடுக்குகளைக் கெட்டியான மக்கு வைத்து அடைக்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும், மக்கு நொறுங்கிப் பட்டாசலுக்குத்தான் வரும். பத்தமடைப் பாய் விரித்திருந்தால் அதைச் சுருட்டிவிட்டு அடியில் உள்ள மண்ணை எடுங்கள். பாயின் மேல் சுழலும் பிரஷைக் கொண்டுபோகவே கூடாது.

தண்ணீரை உறிஞ்சும் வசதி மொசைக் தரைக்கு உதவலாம். பலகையில் தண்ணீர் சிந்தினால் துணியால் உடனே ஒற்றி எடுப்பதே முறை.

ஃபில்டர் விஷயத்தில் ஒரு சொல். நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் வகையை ஹெப்பா என்பார்கள். வெறும் ‘ஹெப்பா டைப்’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். எச் 13 என்று தரம் குறித்திருந்தால் நுண்தூசியில் 99.95 சதவீதம் தங்கும் என்று பொருள். பின்பக்கக் காற்று தரையை நோக்கி வீசாத அமைப்பாகவும் இருக்கட்டும். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், 1000 வாட்டுக்கு உட்பட்ட, ஒயருடன் கூடிய, சிறிய உருளும் மாடல் உங்களுக்குப் பொருந்தும். பை, ஃபில்டர், மென்பிரஷ் ஆகிய மூன்றும் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ தனியாகக் கிடைக்குமா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் மரத்தளம் போட்டிருக்கிறது. தானே பெருக்கித் துடைக்கும் ரோபோவை வாங்க மகன் சொல்கிறான். சரிதானா?
– வாசகர், பெருமாள்புரம், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அது மரம்தானா என்று பாருங்கள். மர நிறம் அச்சிட்ட டைல்ஸ் என்றால் ரோபோவுக்குத் தடையேதும் இல்லை. லேமினேட் என்றால் மேலே மரம்போல் தெரிவது அச்சுத்தாளே. அடியில் இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை. அதன் இணைப்புகளில் ஈரம் இறங்கினால் ஓரங்கள் உப்பிவிடும், பிறகு இழைத்துச் சரிசெய்யவும் முடியாது. எனவே பெருக்க மட்டும் விடுங்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே வையுங்கள். பூசையறைப் பக்கம் போகாதபடி செயலியில் எல்லை வகுத்துவிடுவதும் அவசியம்: விபூதியும் கோலப்பொடியும் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடும், கனல் ஆறாத சாம்பிராணித் துண்டு உள்ளே போனால் தீப்பிடிக்கவும் கூடும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நிலைப்படியைப் பெரும்பாலான ரோபோக்கள் தாண்டாது.

கேள்வி: மரத்தளத்தில் ஒரே மூலையில் மாவுபோன்ற தூள் நாள்தோறும் சேர்கிறது. எத்தனை முறை உறிஞ்சினாலும் மறுநாள் இருக்கிறது. இன்னும் இழுவை கூடிய மாடல் வேண்டுமோ?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டியவர் தச்சர். அது வெளியிலிருந்து வந்த தூசியன்று, மரத்துக்குள் புழு அரித்துத் தள்ளும் தூள். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, இந்தப் பூச்சிகள் பொதுவாக நெருங்குவதில்லை. ஓரத்து வெள்ளையைத்தான் அரிக்கும். சில நாள் உறிஞ்சாமல் விட்டு, அந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிகின்றனவா, எந்தப் பலகையில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே உத்தரத்திலும் பாருங்கள், அங்கிருந்தும் தூள் உதிரலாம். ஊசி இறங்கும் அளவுக்கு உளுத்த பலகையை மாற்றிவிடுவது நல்லது. மற்றவற்றுக்குப் போரேட் கரைசல் (பூச்சியைக் கொல்லும் போரான் உப்புக் கரைசல்) பூசலாம். ஆனால் பாலிஷை நீக்கி, மரம் வெறுமையாக இருக்கும்போது பூசினால்தான் அது உள்ளே இறங்கும்.