சில்லறைக் காசேடு

அன்புள்ள சேர்,

நான் விசுவமடு. எனக்கு நீங்கள் படிப்பிக்கவில்லை, அக்காவுக்குக் கணக்கியல் படிப்பித்தீர்கள். இப்போது ஜேர்மனியில் முன்ஸ்ரர் நகரில் முதுமாணி படிக்கிறேன். வந்து பதினெட்டு மாதத்தில் ஒன்பது நாடுகள் பார்த்துவிட்டேன். வன்னியில் இருந்தவரை எங்களுக்குப் பயணம் என்று ஒன்று இருந்ததில்லை, இடப்பெயர்வுதான் இருந்தது. அதனாலேயே ஒரு பயணக் கட்டுரைத் தொடர் எழுத ஆசை. முதல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். எழுதிவிட்டு வாசித்தால் விக்கிப்பீடியா மாதிரி இருக்கிறது. அன்றாட வாழ்க்கையை எழுதலாம் என்றால் அதில் ஒன்றுமில்லை: விரிவுரை, பொதுச் சமையலறை, சனிக்கிழமை சுப்பர் மார்க்கற்றில் வேலை, ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் பூட்டு. பயணக் கட்டுரை எழுத முதலில் எந்த நூல்களை வாசிக்கவேண்டும்? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

அம்மா ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் "சாப்பிட்டியா" என்று கேட்பா. ஓம் என்பேன். அதோடு கதை முடிந்துவிடும். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

பிள்ளை,

மூன்று கட்டுரையையும் சிவப்புப் பேனையோடுதான் வாசித்தேன். பழக்கதோஷம். இருபத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணக்கியல் படிப்பித்தவனின் கை அப்படித்தான் போகும்.

ஈபிள் கோபுரம் 1889 இல் கட்டப்பட்டது, உயரம் 330 மீற்றர் என்று எழுதியிருக்கிறீர். சரி. மேலே ஏறினீரா, இல்லையா? கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்தேன், இல்லை. ஏறியிருந்தால் லிப்ற் ரிக்கற் என்ன விலை என்று ஒரு முணுமுணுப்பாவது வந்திருக்கும். நீர் ஏறவில்லை என்றுதான் நினைக்கிறேன். கீழே புல்லில் இருந்து, முன்ஸ்ரரில் சுட்டுக்கொண்டு போன ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, கோபுரம் முழுதாக விழுகிறமாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பீர். அதை ஏன் மறைக்கிறீர்?

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு பயண நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். வாங்கியும் தொலைத்தேன். பாதிப் பக்கம் உயரங்கள், மீதிப் பாதி ஆண்டுகள். எழுதியவர் இருபது நாள் எங்கே படுத்தார், கால் கொப்பளித்ததா, யாரோடு சண்டை பிடித்தார், ஒன்றும் கிடையாது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உம்முடைய கடிதம் வந்தது. ஆகவே அவருக்குச் சேரவேண்டிய பேச்சிலும் கொஞ்சம் உமக்கு விழும், பொறுத்துக்கொள்ளும்.

கேட்டவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழிலா ஆங்கிலத்திலா? எந்த மொழியில் சண்டை பிடிப்பீரோ அதில் எழுதும். நூல்ப் பட்டியல் தரமாட்டேன். "பயணம் இருந்ததில்லை, இடப்பெயர்வுதான் இருந்தது" என்ற வசனத்தை முகநூலில் போடும், நல்ல கைதட்டல் கிடைக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிக்கொண்டு போனவர்கள் எங்கே இடம்பெயர்ந்து போனார்கள்? முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப பஸ் ஏறினோமே, அது என்ன? உம்முடைய வயதுக்கு நீர் கண்டது அதுதான், விளங்குகிறது. ஆனால் ஊர் முழுக்கவுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்காதேயும்.

இனி கொலோனுக்கு வருவோம். பெருந்தேவாலயத்துக்கு 1248 இல் அத்திவாரம் போட்டு 1880 இல் முடித்தார்கள், உயரம் 157 மீற்றர் என்று ஒன்றரைப் பக்கம். அதற்கு முன்னால் இப்படி ஒரே ஒரு வசனம்: "பிராக்கில் இருந்து வந்த பஸ் பிந்தியதால் விடியும்வரை ஸ்ரேசனில் இருந்தோம்." அவர்கள் 632 வருடம் கட்டியதற்கு ஒன்றரைப் பக்கம். நீர் ஐந்து மணித்தியாலம் குந்தியிருந்ததற்கு ஒரு வரி. "இருந்தோம்" என்கிறீர், யார் அந்த மற்ற ஆள்? மார்கழிக் குளிர், எங்கே இருந்தீர்கள்? கழிப்பறைக்குக் காசு கேட்டிருப்பார்களே, கொடுத்தீரா அடக்கிக்கொண்டு இருந்தீரா? இதையெல்லாம் எழுதியிருந்தால், விடிந்து வெளியே வந்தபோது அந்தத் தேவாலயம் கறுப்பாக முன்னுக்கு நின்றதை நானும் உம்மோடு நின்று பார்த்திருப்பேன்.

உமது கட்டுரைகளில் எனக்குப் பிடித்த பகுதி எது தெரியுமா? அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கியிருக்கிறீரே, அவைதான். முடக்கிய கணக்கு என்று ஒன்று. விசா எடுக்கமுதல் 11,904 யூரோவை வங்கியில் போடவேண்டும், அதை மாதம் 992 ஆக அளந்து உமக்கே திருப்பித் தருவார்கள். நான் எழுந்து கொப்பி எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. அந்தக் காசைக் கனடாவில் இருக்கிற மாமா தந்தார் என்பதும் அடைப்புக்குறிக்குள்தான். பிள்ளை, உம்முடைய சொத்தையும் கடனையும் எழுதி ஐந்தொகை போட்டால் மாமா கடன்கொடுத்தோர் பக்கத்தில் பெரிய எழுத்தில் நிற்பார். ஒன்பது நாட்டுப் பயணத்திலும் அவர் உம்மோடு வந்திருக்கிறார். பாரிஸில் லிப்ற் ரிக்கற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியது அவருக்காகத்தானே?

மற்றது ரெயினுக்கும் பஸ்ஸுக்கும் எடுக்கிற அந்த மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி 2025 இல் 58 ஆனது, மாணவருக்கு விலைக்கழிவு உண்டு, நாடு முழுக்கப் போகலாம், ஆனால் விரைவு ரெயினில் ஏற ஏலாது. ஆகவே நீர் ஜேர்மனியை மெதுவான ரெயினில் பார்த்தவர். ஒவ்வொரு சின்ன ஸ்ரேசனிலும் நின்று நின்று. காசு உள்ள பயணி காணாத ஒரு நாட்டைக் கண்டிருக்கிறீர், அதில் ஒரு ஸ்ரேசனின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. வெற்றுப் போத்தலைக் கடை மெசினுக்குள் போட்டால் 25 சதம் வருமாம், மாதக் கடைசியில் அறை முழுக்கத் தேடிப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பாண் வாங்குவீராம். அதுவும் அடைப்புக்குறி! வெளிச்சம் இல்லாமல் சைக்கிள் ஓடிப் பொலிசுக்கு 20 யூரோ கட்டியது இன்னொரு அடைப்புக்குறி. (அதை வாசித்துச் சிரித்தேன். தொண்ணூறுகளில் வன்னிச் சைக்கிளின் டைனமோ வெளிச்சத்துக்கு எங்கே இருந்தது? பற்றறி இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது சுற்றுகிறவனுக்குக் கை உளைந்துவிடும்.)

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று சொல்லவேண்டும்.

1997 தொடக்கத்தில் முள்ளியவளையில் இருந்து பேராதனைக்குப் படிக்கப் போனேன். இப்போது அது ஒரு பகல் ஓட்டம். அன்றைக்கு வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, தாண்டிக்குளம் சோதனைச்சாவடி கடந்து, வவுனியாவில் மறிபட்டு, போய்ச்சேர்ந்தபோது விரிவுரைகள் தொடங்கிப் பல நாள். அந்தக் கதையை நீட்டமாட்டேன், எங்கள் ஊரில் எல்லோரிடமும் அதைவிட நல்ல கதை உண்டு. ஐந்து வருடம் வீட்டுக்குப் போகமுடியவில்லை. எங்களுக்கு அதுதான் வெளிநாட்டுப் படிப்பு. மொழி தெரியாது, குளிர், தெரியாத சாப்பாடு. மகாபொலப் புலமைப்பரிசில் காசு பிந்தினால் பாணும் பருப்பும்தான். 1998 ஜனவரியில் கண்டியில் குண்டு வெடித்தபிறகு பஸ்ஸில் தமிழில் கதைக்காமல் போய்வரப் பழகினோம்.

அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் போடுவேன். "நான் நலம். நீங்கள் நலமா? படிப்பு நன்றாகப் போகிறது. கவலைப்படவேண்டாம்." யாராவது உடைத்து வாசிப்பார்கள் என்ற பயம் ஒன்று. அம்மா கவலைப்படுவா என்பது மற்றது. உண்மையைச் சொன்னால் மூன்றாவது ஒன்றும் இருந்தது: இதையெல்லாம் ஏன் எழுதுவான் என்ற எண்ணம். பெரிதாக ஏதாவது நடந்தால் எழுதலாம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் வீட்டுக்குப் போனேன். அன்று இரவு அம்மா ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் திறந்தா. எல்லாக் கடிதமும் இருந்தது, வந்த ஒழுங்கிலேயே. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிப்பித்து வைத்திருக்கிறா.

"எல்லாத்திலயும் நலம் எண்டுதான் கிடக்கு" என்றா. "நான் ஒண்டையும் நம்பேல்லை."

பிறகு கேட்டா: "அங்க விடிய எழும்பி என்னடா சாப்பிட்டனி?"

கம்பஸ் வாசலுக்கு முன்னால் ஒரு கடை, அங்கே கிம்புலா பணிஸ் என்று விற்பார்கள், கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை, நீட்டாக முதலை மாதிரிச் செய்து மேலே சீனி தூவியிருக்கும், அதுவும் ஒரு தேத்தண்ணியும் என்றேன். அம்மா சிரிக்கத் தொடங்கினா. "முதலையோ? என்ர பிள்ளை அஞ்சு வரியமா முதலை திண்டதோ?" அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தா. வால் இருக்குமா, கண் வைப்பார்களா, எந்தப் பக்கத்தில் இருந்து கடிப்பாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. ஐந்து வருடக் கடிதத்தில் கிடைக்காதது அந்த அரை மணித்தியாலத்தில் அவவுக்குக் கிடைத்தது. கடைசியாக, "என்ன விலை வித்தவங்கள்?" என்றா.

நினைவில்லை. ஐந்து வருடம் ஒவ்வொரு நாளும் காசு எண்ணிக் கொடுத்து வாங்கிய சாமான். கணக்கியல் படித்தவன் நான். வாயில் வரவில்லை.

அந்த ரின் 2009 மாசியில் தேவிபுரத்தில் பங்கருக்குள் விடுபட்டது. அம்மா நெடுநாள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதா. நான் அழவில்லை. அதற்குள் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நூல்ப் பட்டியல் கேட்ட பிள்ளைக்கு நான் சொல்லக்கூடியது ஒரு கொப்பி வாங்கும் என்பதுதான். சில்லறைக் காசேடு, சின்னச் செலவுகளைப் பதிகிற கொப்பி. உம்முடைய அக்காவைக் கேட்டால் கோடு போட்டுத் தருவா. திகதி, விபரம், தொகை. விபர நிரலை மட்டும் அகலமாக விடும். "பாண் 1.80" என்று எழுதினால் காணாது. யாருக்கு வாங்கினீர், ஏன் அந்தப் பாண், பக்கத்தில் இருந்த விலை கூடியதை எத்தனை தரம் பார்த்தீர் என்று எழுதும். பொதுச் சமையலறையில் உம்முடைய மிளகாய்த்தூள் வாசத்துக்கு யன்னலைத் திறந்தது யார்? திறந்துவிட்டு ஏதாவது சொன்னாரா? வீட்டில் இருந்து வந்த மிளகாய்த்தூளுக்குப் பெறுமானத் தேய்வு எப்படிப் போடுவீர்? இதையெல்லாம் ஒன்றுமில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர். வெட்கமாக இல்லையா?

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு "ஊரில் இருப்பது போலவே இருந்தது" என்று எழுதியிருக்கிறீர். "போலவே"யை வெட்டிவிட்டேன். சரக்குக் கப்பல் ஓடுகிற வாய்க்காலில் அம்பாள் தீர்த்தமாடுகிறா, அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் போலவே என்றால் கண்ணை எங்கே வைத்திருந்தீர்?

முன்ஸ்ரரில் 1648 இல் செய்த சமாதானத்தைப் பற்றி எழுதியதை விடுவோம். சமாதானங்களைப் பற்றி எனக்கு 2002 முதல் ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. ஆனால் ஒன்று. சந்தைக்குப் போகிற வழியில் லம்பேர்த்தி தேவாலயக் கோபுரத்தில் மூன்று இரும்புக் கூடுகள் தொங்குகின்றன, 1536 இல் மூன்று பேரைக் கொன்று உடல்களை அதில் போட்டுத் தூக்கினார்கள், கூடு இன்னும் இருக்கிறது என்று ஆண்டு தவறாமல் எழுதியிருக்கிறீர். அதற்குக் கீழேதானே தக்காளி வாங்கச் சைக்கிளில் போகிறீர்? கடைசிச் சண்டையில் புதுக்குடியிருப்பையும் மாத்தளனையும் பத்து வயதில் கடந்து வந்த பிள்ளை முதல்நாள் அதை அண்ணாந்து பார்த்தபோது என்ன செய்தது? இப்போதும் பார்க்கிறதா, பாராமல் போகப் பழகிவிட்டதா? இதை எனக்கு எழுதவேண்டாம். கட்டுரையிலும் உடனே வேண்டாம். கொப்பியில் எழுதி வையும்.

எனக்கு எழுதவேண்டியது கொலோன் ஸ்ரேசன். அடுத்த கடிதத்தில் அந்த ஐந்து மணித்தியாலமும் வரவேண்டும், கோப்பி விலையோடு. அம்மாவுக்கு இன்று இரவே சொல்லலாம். சாப்பிட்டியா என்று கேட்டால் என்ன சாப்பிட்டீர் என்று சொல்லும். போத்தல் விற்ற கதையையும் சொல்லும். கொஞ்சம் அழுவா, பிறகு ஒரு போத்தலுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பா.

பி.கு.: 1997, 98 இல் பேராதனையில் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு கிம்புலா பணிஸ் அப்போது என்ன விலை என்று எழுதுங்கள். "மூன்று நாலு ரூபாய் இருக்கும்" என்று எழுதவேண்டாம். சரியான தொகை வேண்டும்.