உப்புத் தண்ணீர் ஊரில் செர்ரிப் புதர்: விதை போடலாமா, போத்து ஊன்றலாமா?

ராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: "மதினி வீட்டில் ஒரு செர்ரிச் செடி புதராக வளர்ந்து, வருஷத்தில் பல தடவை காய்க்கிறது. பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. குச்சி ஒடித்து ஊன்றினேன்; துளிர் விட்டது, அப்புறம் இரண்டு வாரத்தில் கருகிவிட்டது. இதற்கிடையில் தென்கொரியாவில் வேலை பார்க்கும் மகன், அங்கே வீட்டு முற்றங்களில் வளர்க்கும் புதர்ச் செர்ரியின் விதை கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறான். ஃப்ரிட்ஜில் வைத்தால் முளைக்கும் என்கிறான். எதை, எப்படிச் செய்வது?"

முதலில் மகன் கொண்டுவந்த விதை. கொரியாவில் முற்றத்துக்கு முற்றம் இருப்பது நான்கிங் செர்ரி. பிளம்ஸ், பாதாம் எல்லாம் சேர்ந்த குடும்பம். ஃப்ரிட்ஜ் பற்றி மகன் சொன்னது சரிதான். ஈரமணலில் கலந்து, 1 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு மூன்று மாதம் வைத்தால்தான் அந்த விதையின் உறக்கம் கலையும். அங்கெல்லாம் குளிர்காலத்துக்கு முன்பே மண்ணில் விதைத்துவிடுகிறார்கள், மிச்ச வேலையைப் பனி பார்த்துக்கொள்கிறது. கோடையின் தொடக்கத்தில் இளம் பச்சைக் குச்சியிலிருந்தும் நாற்று எடுக்கலாம். ஆனால் ஒரே செடியிலிருந்து எடுத்த குச்சிகளை மட்டும் நட்டால் காய் பிடிக்காது, மகரந்தத்துக்கு வேறொரு செடி வேண்டும். அதனால் அங்கே விதை நாற்றுக்கு மதிப்பு உண்டு. ஒவ்வொரு நாற்றும் தனித்தனிச் செடி அல்லவா.

சிக்கல் முளைப்பதில் இல்லை, அதற்குப் பிறகு வருகிறது. விதைக்கு ஒரு தடவை குளிர் போதும், செடிக்கு ஒவ்வொரு வருஷமும் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் நின்றால்தான் அதன் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஃப்ரிட்ஜில் முளைக்க வைத்த நாற்று இங்கே கொஞ்ச காலம் இலை விட்டுக்கொண்டு நிற்கும், பூக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு விதையை நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் கட்டாயம். அந்த மண்ணின் நோய் விதையோடு வந்து இறங்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த விதி. அடுத்த முறை வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்ற செடி மதினி வீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது மேற்கிந்தியச் செர்ரி, நர்சரிகளில் பார்படாஸ் செர்ரி என்று விற்பார்கள். ஓரம் நறுக்கினாற்போன்ற இதழ்களுடன் இளஞ்சிவப்புப் பூ, பழத்தில் லேசான மூன்று பிளவு, உள்ளே மூன்று கொட்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெப்ப மண்டலச் செடி, நம் வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம்தான். இந்தப் பழத்தில் வைட்டமின் சி அளவுக்கு மீறி இருப்பதை 1946-ல் போர்ட்டோ ரீக்கோ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் என்றால், இதில் 1000 மில்லிகிராமுக்கு மேல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் புதர் ஒன்று நிற்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

இந்தச் செர்ரிக்கு விதையை நம்பாதீர்கள். ஒரு கொட்டையை உடைத்துப் பாருங்கள், பல நேரம் உள்ளே பருப்பே இருக்காது. ஒரே பழத்தின் மூன்று கொட்டைகளும் ஒன்றுபோல முற்றுவதில்லை. நல்ல விதையிலும் பாதி முளைத்தால் அதிர்ஷ்டம், நூற்றுக்கு ஐந்து மட்டும் முளைப்பதும் உண்டு. உங்கள் கைமேல் குறை இல்லை. முளைத்தாலும் தாய்ச்செடியின் இனிப்பு அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஆசைக்குப் போடுவதானால், செடியிலேயே நன்றாகச் சிவந்து கனிந்த பழமாக எடுத்து, சதையைக் கழுவிவிட்டு, தண்ணீரில் மிதக்கும் கொட்டையைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் நிழலில் உலர்த்திச் சீக்கிரமே விதையுங்கள். இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்ததும் நாற்றுப் பைக்கு மாற்றலாம்.

போத்து, அதாவது கிளைக் குச்சியை வெட்டி ஊன்றுவதுதான் சரியான வழி. உங்கள் குச்சி ஏன் கருகியது என்பதைப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஊன்றிய குச்சி துளிர்த்தால் வேர் விட்டுவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. குச்சிக்குள் சேமித்து வைத்த உணவைக் கொண்டே மொட்டு விரியும். அது தீர்வதற்குள் கீழே வேர் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இலை குடிக்கிற தண்ணீருக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. அடுத்த முறை கருகிய குச்சியைத் தூக்கி எறியாமல் பிடுங்கி, அடி வெட்டைக் கவனியுங்கள். கறுத்து, நகம் பட்டால் வழுக்கிக்கொண்டு தோல் உரிந்தால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது. வெட்டைச் சுற்றி வெளிர்நிறத்தில் சிறு முண்டு கட்டியிருந்தால் குச்சி வேர்விடத் தயாராகித்தான் இருந்தது, மேலே ஈரப்பதம் போதாமல் காய்ந்துவிட்டது. இலையின் ஓரம் மட்டும் முதலில் பழுப்பாகி, பிறகு உள்நோக்கிக் கருகியிருந்தால் அது பெரும்பாலும் உப்பின் வேலை.

மண்டபம் முதல் சாயல்குடி வரை நம் கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த உப்பைத்தான். வளர்ந்த செடி போர்த் தண்ணீரின் உப்பை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். வேரில்லாத குச்சிக்கு அந்தத் தெம்பு கிடையாது. போதாக்குறைக்குத் தினமும் தெளிக்கிற தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் பைக்குள் தங்கிக்கொண்டே போகும். போத்து வேர் பிடிக்கும்வரை மழைத் தண்ணீர், ஊருணித் தண்ணீர், இல்லையென்றால் ஏசி மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று ஏதாவது ஒரு நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொம்பு போதும். தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டுமானால் உவர் நிலங்களுக்காகவே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத் திறன் (EC, dS/m அளவில்) 1-க்குக் கீழே இருந்தால் நல்லது. 2-ஐத் தாண்டினால் போத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

உப்பு வரும் இன்னொரு வழி பைக்குள் நிரப்பும் தென்னை நார்க்கழிவு. மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு எடுத்த நாராக இருந்தால் கழிவிலும் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து என மூன்று தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அலசிய கழிவு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, இதுவே போதும். கடற்கரை மணல் வேண்டாம். மிளகாய், கத்தரி போட்டிருந்த பாத்தி மண்ணும் வேண்டாம். வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு அந்த மண்ணில் இருக்கும், இந்தச் செர்ரி அதற்குச் சட்டென்று இடம் கொடுத்துவிடும்.

சரி, எந்தக் குச்சி? முருங்கைப் போத்து போலக் கை மொத்தத்தில் வெட்டி ஊன்றுகிறார்கள், அது இங்கே செல்லாது. நுனியில் பச்சையாக ஆடும் தளிரும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே, பென்சில் கனத்தில், தோல் பச்சையிலிருந்து பழுப்புக்குத் திரும்பி, அதில் வெண்புள்ளிகள் தெரிய ஆரம்பித்திருக்கும் கிளையைத் தேடுங்கள். வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு படக்கென்று ஒடிய வேண்டும். பூவும் காயும் இல்லாத கிளையாக இருந்தால் நல்லது. காலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். இளம் இலையில் பட்டுப்போன்ற மெல்லிய ரோமம் உண்டு, அது பட்டால் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம், அடியில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வெட்டு. உச்சியில் இரண்டு மூன்று இலை மட்டும் வைத்து, பெரிய இலையானால் பாதியாக நறுக்கிவிடுங்கள். இலையே இல்லாமல் மொட்டையாக்கிவிடாதீர்கள், வேர் வர அந்த இலையும் உதவுகிறது. ஐ.பி.ஏ. என்ற வேர் ஊக்கி கலந்த பவுடர் விதைக் கடையில் கிடைக்கும். அடி நுனியைத் தொட்டு, ஒட்டாததைத் தட்டிவிட்டு, முதலில் வேறொரு குச்சியால் பைக்குள் துளை போட்டு நடுங்கள். நேராகக் குத்தினால் பவுடர் மேலேயே உரசிப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு நீளம் மண்ணுக்குள் இருக்கட்டும்.

நர்சரியில் நீரைப் புகைபோலத் தெளித்து ஈரம் காக்கும் பனிக்கூடம் செய்யும் வேலையை வீட்டில் ஒரு தண்ணீர் கேன் செய்யும். 20 லிட்டர் பழைய கேனின் அடியை வெட்டி எடுத்துவிட்டுப் பைகளின் மேல் கவிழ்த்துவிடுங்கள். உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரப்பதம் சரியாக இருக்கிறது. அதைத் தூக்கி வெயிலில் வைத்தால் குச்சி வெந்துவிடும், பனையோலை வேய்ந்த தாழ்வாரம் தோதான இடம். பையில் உள்ள கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும், அதற்கு மேல் ஊற்றினால் அழுகல்தான். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். இலையை லேசாக இழுத்துப் பார்த்து, எதிர்த்து நின்றால் கேனின் மூடியைத் திறந்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேனையே எடுத்துவிடலாம்.

பருவம் முக்கியம். ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கிய பிறகு வெட்டுங்கள். செடி புதுக்கிளை விட்டிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், பிடித்து வைக்க மழைத் தண்ணீரும் கிடைக்கும். சித்திரை வெயிலிலும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் ஆனி, ஆடியிலும் போத்து வேலையே வேண்டாம்.

வெட்டி எடுக்க மதினி சம்மதிக்கவில்லை என்றால் பதியம் போடலாம். தரையை ஒட்டித் தாழ்ந்த கிளையில் ஓரிடத்தில் தோலை லேசாகச் சீவி, அந்தப் பகுதியை அங்கேயே மண் நிரப்பிய தொட்டிக்குள் வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் கருகும் பயம் இல்லை. ஒன்றிரண்டு செடி போதும் என்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

வேர் வந்த செடியைத் தை மாதமே தரையில் நட அவசரப்படாதீர்கள். கோடையும் கச்சானும் வரிசையாக வரும். பெரிய பையில், அரை நிழலில் வைத்து அடுத்த ஐப்பசி வரை வளர்த்து, மழையோடு நடுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டில், இரண்டடிக் குழி எடுத்து, மட்கிய எருவும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் போடுங்கள். இதன் வேர் ஆழம் போவதில்லை, பலத்த காற்றில் சாய்ந்துவிடும். தென்மேற்கில் சுவரோ வேலியோ இருக்கும் இடமாகப் பார்த்து, முதல் இரண்டு வருஷம் கம்பு நட்டுக் கட்டி, உச்சியைக் கிள்ளிக்கிள்ளிக் குட்டையாக வளருங்கள்.

தரையில் நட்ட மறுவருஷமே சில பழம் வரும், நிறைந்த காய்ப்புக்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். பூத்து ஒரு மாதத்துக்குள் பழம் கனிந்துவிடும், பறித்தால் வெளியில் வைத்துத் தாங்காது. வைட்டமின் வேண்டும் என்பவர்கள் பாதி சிவந்ததும் பறிக்கலாம், முழுக்கக் கனிந்ததைவிட அதில்தான் அந்தச் சத்து கூடுதல்.