நாற்று நட்டபின் தொடங்கும் வேலை

கேள்வி: நான் தாவரவியல் பட்டதாரி. விடுமுறை நாட்களில் அலையாத்தி (மாங்குரோவ்) நாற்று நடும் பணிகளில் தன்னார்வலராகக் கலந்துகொள்கிறேன். கடலோரப் பாதுகாப்பையும் வாழிட மீட்பையுமே தொழிலாக்கிக்கொள்ள அடுத்து என்ன செய்ய வேண்டும்? முதுநிலைப் பட்டம் கட்டாயமா?

பதில்: நாற்று நடத் தெரிந்தவர்களுக்கு இத்துறையில் பஞ்சமில்லை, நட்டது ஏன் பட்டுப்போனது என்று ஆராய்ந்து சொல்பவர்கள்தான் குறைவு. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் அலையாத்தி நடப்பட்ட 23 இடங்களைச் சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பார்வையிட்டபோது, 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சியிருக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதும் முக்கியக் காரணங்கள்.

அலையாத்தி பொதுவாகச் சராசரிக் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்றம்) ஏறி வடியும் நிலத்தில் வளர்வது. ஆனால் யாரும் உரிமை கொண்டாடாத இடம் என்பதற்காகவே, நெடுநேரம் நீர் நிற்கும் தாழ்ந்த சேற்றுத் திட்டுகளில் அதை நட்டுவிடுகிறார்கள், அங்கே வேர் மூச்சுத் திணறிச் செடி மடிகிறது. அமெரிக்காவில் புளோரிடாவின் வெஸ்ட் லேக் பகுதியில் ஈரநில ஆய்வாளர் ராபின் லூயிஸ் வேறு வழியில் சென்றார். நிலமட்டத்தைத் திருத்தி, ஓதநீர் வந்துபோக ஓடைகளை அமைத்தார். அலையாத்தி வித்துகள் நீரில் மிதந்துவந்து தாமே வேரூன்றின.

ஆகவே நிலத்தின் உயரத்தை அளக்கும் மட்டக்கருவியைக் கையாளவும், ஓத அட்டவணையைப் படிக்கவும், உவர்ப்பை அளக்கவும், புவியியல் தகவல் மென்பொருளில் வரைபடம் தயாரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. களப்பணிக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை. திட்டங்களை வடிவமைக்கவும் ஆய்வு செய்யவும் விரும்பினால் அது தேவைப்படும். தொடக்க வேலைகள் பெரும்பாலும் திட்டநிதி தீரும்வரை நீடிக்கும் குறுகிய ஒப்பந்தங்களே என்பதையும் அறிந்தே இறங்குங்கள்.

அதற்குள் ஒன்றை நீங்களே தொடங்கலாம். நீங்கள் நட்ட இடத்தில் சில சதுரங்களைக் கழி ஊன்றிக் குறித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிருள்ள செடிகளை எண்ணி, உயரத்தையும் உயர் ஓதத்தில் நிற்கும் நீரின் ஆழத்தையும் பதிவு செய்து, ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் படம் எடுத்துவாருங்கள். எண்ணிக்கை சரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்; நேர்காணலில் சான்றிதழ்க் கட்டைவிட அந்தக் குறிப்பேடுதான் பேசும்.

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளர். உயிரியல் படிக்காத எனக்கு இத்துறையில் இடமுண்டா?

பதில்: தாராளமாக உண்டு. சாலையின் குறுக்கே போட்ட குறுகிய குழாய் ஒன்று ஓதத்தை மறித்தாலே உப்பங்கழி முழுவதும் நலிந்துவிடும். அதை அகலப்படுத்தும் கணக்கு உங்களுடையது. ஆனால் எந்தச் செடி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை, வரைபடம் போடுவதற்கு முன் ஓர் உயிரியலாளருடன் சேற்றில் நடந்து பார்த்துவிடுங்கள்.