கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கை பாலிஷ் போடும் முன் எப்படிச் சுத்தம் செய்வது?

பாட்டி காலத்து விளக்கு, நேராக பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். அரை டப்பா காலியானது, பனியன் துணி கறுத்தது, விளக்கு அப்படியே நின்றது.

அந்தக் கறுப்பில் பாதி கறையே இல்லை, எண்ணெய். வருஷக்கணக்காக வழிந்த நல்லெண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகி, அதில் திரிக்கரியும் தூசியும் அப்பிக்கொண்டிருக்கும். அதன் மேல் புளியைத் தேய்த்தாலும் பித்தளையைத் தொடாது. முதலில் விளக்கைத் தனித்தனியாகக் கழற்றுங்கள். மரை இறுகியிருந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு துணி சுற்றித் திருகினால் வந்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு பழைய டூத்பிரஷ், அன்னத்தின் இறக்கை இடுக்குக்கு ஒரு ஈர்க்குச்சி, அவ்வளவுதான். கம்பி நார் மட்டும் கூடாது, விழுந்த கோடு போகாது. கழுவியதும் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, பரவலாக ஓடினால் சரி.

அப்புறம்தான் புளி. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, கொஞ்சம் உப்பு சேர்த்து, கெட்டியாகப் பூசித் தேய்த்து, ஐந்து பத்து நிமிஷத்தில் கழுவிவிட வேண்டும். பச்சைக் களிம்பு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை. ஊறட்டுமே என்று நான் ஒருமுறை ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் விளக்கு செம்பு மாதிரி சிவந்து கிடந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளிப்பு துத்தநாகத்தை அரித்துவிட்டால் மேலே செம்புதான் மிஞ்சும். அந்தச் சிவப்பைத் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. (ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்க அம்மா விடாததற்கும் இந்தப் புளிப்புதான் காரணம்.)

கழுவின கையோடு துடைத்து வெயிலில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பிராசோ போட்டால் ஒரு கரண்டியே போதும். எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், உப்புக்காற்று, கொஞ்சம் ஈரத்தோடு விட்டால் சாயங்காலமே புள்ளி விழுந்துவிடும்.

ஆங், தொடங்கும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, புளிப்பக்கமே போகாதீர்கள்.