ஓ.ஆர்.எஸ் கொடுத்தும் நிற்கவில்லையே?

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். ஒவ்வொரு கோடையிலும் தாய்மார்களைக் கூட்டி ஓ.ஆர்.எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பற்றிச் சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போனால் மட்டும் ஊசி போடவும் தொக்கம் எடுக்கவும் (வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) ஓடுகிறார்கள். கேட்டால், "அந்தத் தண்ணி கொடுத்தும் நிக்கலையேக்கா" என்கிறார்கள். எப்படிச் சொன்னால் புரியும்?
- விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அவர்கள் சொல்வது சரிதானே! ஓ.ஆர்.எஸ் பேதியை நிறுத்தாது. அதை முதலிலேயே நீங்கள் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பேதி சில நாளில் தானாக அடங்கும். அதுவரை உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றாமல் காப்பதுதான் கரைசலின் வேலை. பேதியின்போதும் குடல் சர்க்கரையை உறிஞ்சும். அதோடு உப்பு உள்ளே போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். இதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு டம்ளர் கொடுத்துப் பார்த்துவிட்டு அம்மா நம்பிக்கை இழப்பார். பேதி நாட்களைக் குறைக்க உதவுவது துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. ஆறு மாத வயதுக்கு மேல் தினமும் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாத வயது வரை 10 மி.கி. பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும்.

வங்கதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகளில், வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். பிறகு வேறொருவர் போய், அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்ப்பார். சொல்லிக்கொடுத்தவரின் சம்பளமே அதைப் பொறுத்துத்தான்! அப்படியும் தொடக்கத்தில், நன்றாகக் கற்ற வீடுகளில்கூடக் கரைசலைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஏனென்று தேடியபோது ஒன்று தெரிந்தது. சொல்லிக்கொடுத்த ஊழியர்களே தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றால் போனபோது முதலில் என்ன கொடுத்தீர்கள்? ஊர் அதைத்தான் கவனிக்கும்.

அடுத்த கூட்டத்தில் பேச்சைக் குறையுங்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் சொம்பையோ குடத்தையோ கொண்டு வரட்டும். 1 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். பெரிய ஓ.ஆர்.எஸ் பாக்கெட் முழுவதும் அந்த ஒரு லிட்டருக்குத்தான். அதைக் கொஞ்சமாகப் பிரித்து டம்ளரில் கலக்குவதுதான் நிறைய வீடுகளில் நடக்கிறது. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. பாக்கெட் இல்லாத நேரத்தில், 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட கஞ்சி, மோர் கொடுக்கலாம். கலர், சோடா, அட்டைப்பெட்டி ஜூஸ் வேண்டாம். கலக்கிய கரைசலை மூடி வைத்து, 24 மணி நேரம் ஆனதும் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

அறிகுறிகளைப் படம் காட்டிச் சொல்வதைவிட, நல்லாயிருக்கும் பிள்ளையிடமே பழக்குங்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி ஆகிறதா என்று ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளைக்குப் பார்க்கட்டும். அது தெரிந்தால்தான், மெதுவாகத் திரும்பும்போது வித்தியாசம் பிடிபடும். கண் உள்ளே போவது, சும்மா சிணுங்குவது, தண்ணீரைக் கண்டால் பாய்ந்து குடிப்பது, சிறுநீர் குறைவது எல்லாம் நீர் வற்றத் தொடங்கியதன் அடையாளம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழியும் பள்ளமாகும். இந்த நிலையில் கரைசலைக் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி. கரைசல், அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாக. அம்மாக்கள் தோற்பது இந்த இடத்தில்தான். டம்ளரோடு வாயில் வைத்தால் திரும்ப வரும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது.

பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்றாலோ உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்குப் பேதி என்றாலே காத்திருக்க வேண்டாம். பிள்ளை விழுங்கும் நிலையில் இருந்தால் போகிற வழியிலும் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போகலாம்.

அப்புறம், கூட்டத்துக்கு மாமியார்களையும் அழையுங்கள். வங்கதேசத்தில் ஆண்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தொக்கம் எடுப்பதில், தொண்டைக்குள் விரல் விடுவதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மந்திரிப்பது, திருநீறு போடுவது எல்லாம் அவர்கள் விருப்பம், அதற்காகச் சண்டை வேண்டாம். கலக்கிய கரைசலைப் பாட்டிலில் ஊற்றி, கூடவே ஒரு ஸ்பூனையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.