தமிழ் எழுத்து என்றாலே அழும் நான்கரை வயதுப் பையனுக்குக் கதை, விளையாட்டு மூலம் எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வியில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பையன் எல்கேஜி. ஏபிசிடி ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். தமிழ் நோட்டை எடுத்தால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடுகிறது. 247 எழுத்து என்பதை நினைத்தால் பெற்றவர்களுக்கும் மலைப்பு. ஆப் ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

நான் நர்சரி வகுப்பு எடுப்பவள். இந்த வயிற்றுவலியை வருடாவருடம் பார்க்கிறேன்.

முதலில், சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். அம்மா, ஆடு, இலை வரைக்கும் சரி. அப்புறம் உரல், ஓடம், ஐவர், கடைசியில் எஃகு. மிக்ஸி ஓடும் வீட்டில் உரல் படத்தைக் காட்டி ‘உ’ சொல்லித்தந்தால், உரல் என்றால் என்ன என்பதே தனிப் பாடமாகிவிடுகிறது. எஃகைப் பற்றி நான்கு வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஏ ஃபார் ஆப்பிள்’ பாணியில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு சொல் என்பது தமிழுக்கு ஒத்துவராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டு எழுத்தும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரவே வராது. ரயில், லட்டு, டப்பா எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் இவை இல்லாமல் பேச்சே இல்லை. அதனால் எழுத்தைச் சொல்லுக்குள் வைத்துக் காட்டுவதுதான் இங்கே வழி.

நான் ஆரம்பிப்பது அ, ஆவில் இல்லை. ட, ப, ம, ர என்ற நாலு எழுத்தில். ‘அ’வில் இருக்கும் சுழியும் வளைவும் சின்ன விரலுக்குக் கஷ்டம். ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்று கோடு. இந்த நாலோடு புள்ளி மட்டும் சேர்ந்தால் போதும்: படம், மரம், பட்டம், ரம்பம், ரப்பர், பம்பரம். பென்சில் டப்பாவில் இருக்கும் ரப்பரையும் கையில் இருக்கும் பம்பரத்தையும் தானே வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொல்லும்வரை தாங்காது.

புள்ளிக்கு ஒட்டும் பொட்டுதான் என் சாதனம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ‘ம’ எழுதிக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அட்டை வெறுமனே இருந்தால் வாயைத் திறந்து ‘ம’ என்று சொல்ல வேண்டும். உச்சியில் பொட்டு ஒட்டினால் வாயை மூடி ‘ம்ம்ம்’. பொட்டை எடுத்தால் மறுபடி ‘ம’. பொட்டை ஒட்டுவதும் பிய்ப்பதும் பிள்ளையின் வேலை, வாயைத் திறந்து மூடுவது உங்கள் வேலை. நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப்பாருங்கள், கண்டுபிடித்துக் கத்துவான். மெய்யெழுத்து என்ற பெயரெல்லாம் பிறகு தானாக வரும்.

அடுத்தது கால். இங்கேதான் கதை வேலைக்கு ஆகும். பாட்டி வடை சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்தது வரை வழக்கம்போல் சொல்லுங்கள். அப்போது ஒரு கால், அதாவது ‘ா’, தாளிலிருந்து குதித்து ஓடிவந்து ‘வடை’க்கு நடுவில் நின்றுவிடுகிறது. வடை வாடையாகிவிட்டது. காக்கா வாயில் ஒன்றும் இல்லை, வெறும் வாடைதான்! எங்கள் வகுப்பில் இந்த இடத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் அந்தக் கால் ஊரெல்லாம் சுற்றும். பல்லில் புகுந்தால் பால், கல்லில் புகுந்தால் கால், நகத்தில் புகுந்தால் நாகம். கால் மட்டும் தனி அட்டையாக இருக்கட்டும், பிள்ளையே கொண்டுபோய்ச் சொருகட்டும். அதே காலை ட, ப, மவோடு சேர்த்தால் மாமா, பாப்பா, டாட்டா, டப்பா எல்லாம் கிடைக்கும். அதற்குப் பிறகு ‘அ’ அட்டையைக் கொடுங்கள். அம்மாவும் அப்பாவும் அன்றைக்கே வந்துவிடுவார்கள்.

247ஐ நினைத்து மலைக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மிச்சம் 216 உயிர்மெய்யும் இந்தக் கால், கொம்பு, விலங்கு (‘கி’யின் தலையில் வளைவது), சுழி என்ற குறிகளை மாட்டி உண்டாவதுதான்.

கொம்பில் ஒரு தொல்லை. கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. வெளியே நின்று அழைப்புமணி அடித்துவிட்டு, கதவு திறந்த பிறகுதான் பேசும் விருந்தாளி என்று நான் சொல்வேன், பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் தாத்தா பாட்டியின் பழைய கடிதம், நோட்டு இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் பள்ளியில் படித்தவர்கள் லை, னை எழுதும்போது முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்திருப்பார்கள். ‘யானை’ என்ற சொல்லுக்கே தும்பிக்கை இருந்தது தெரிந்தால் விடுவார்களா? எழுதியது பாட்டி என்றால் இன்னும் விசேஷம்.

உகர, ஊகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதில் ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு ஒரு மாதிரி வளையும், து, நு, று, லு வேறு மாதிரி, பு, சு, வு இன்னொரு மாதிரி. கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தந்தால்தான் நிற்கும். ண, ந, ன குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் பெரியவர்களுக்கே தீராதது. நான்கு வயதில் அதற்காகத் திட்டாதீர்கள்.

விளையாட்டுக்கு ஓடியாட இடம் இருந்தால் பாண்டிக் கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு எழுத்து. சில்லு எதில் விழுகிறதோ அந்த எழுத்து உள்ள சொல் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் நொண்டலாம். முதல் எழுத்தாக இருக்க வேண்டியதில்லை, எங்கே இருந்தாலும் செல்லும். பஸ்ஸில் போகும்போது, ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொல் சங்கிலி ஆடலாம், கையில் ஒன்றும் வேண்டாம். ஒரே பிரச்சினை, தமிழ்ச் சொற்கள் பாதி ல், ன், ள் என்று முடிந்து ஆட்டம் நின்றுவிடும். நாங்கள் வைத்திருக்கும் சட்டம் இது: ‘மான்’ என்றால் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் ‘ந’வில் நரி சொல்லலாம். ‘தேள்’ மாதிரி மாட்டிக்கொண்டால் முந்தைய எழுத்துக்குப் போய்த் தேங்காய். அடம்பிடிக்கிற பிள்ளைகள் புதுச் சட்டமே போடுவார்கள். போடட்டும்.

ஆப் பற்றி: எழுத்தைத் தொட்டால் ஒலி கேட்கும் ரகங்கள் நிறைய உண்டு. கெடுதல் இல்லை, ஆனால் வாயைத் திறந்து மூட அதற்குத் தெரியாது. அதைவிட, தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், படங்கள் நன்றாக இருக்கும். அரசுப் பள்ளிகளில் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆடல், பாடல், கதை என்றுதான் பாடம் ஓடுகிறது. பக்கத்துவீட்டில் அங்கே படிக்கும் பிள்ளை இருந்தால் பாட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

எழுதுவதைப் பொறுத்தவரை, விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதவைத்தீர்களே, அந்தத் தட்டை எடுத்துவைக்காதீர்கள். ரவை இன்னும் நல்லது, கோடு தெளிவாக விழும். பென்சிலுக்கு அவசரமே இல்லை. பள்ளியில் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் தருகிறார்களே என்றால், ஒரு வரி மட்டும் எழுதவைத்து அனுப்பிவிட்டு மிஸ்ஸிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முப்பது நோட்டைத் திருத்த எங்களுக்கு மட்டும் ஆசையா என்ன?